ஷின்கு லா – பதும் – பென்சி லா: மூன்று வண்டி, எட்டுப் பேர், கூடாரப் பயணம். திட்டம் சரியா?

சக்கரக்காரன்:

வணக்கம் மக்களே. செப்டம்பர் முதல் வாரம் மணாலியில இருந்து கிளம்புறோம். வண்டிகள்: தார் டீசல் 4×4, ஜிம்னி, அப்புறம் ஒரு பொலேரோ (பின்சக்கர இழுவை மட்டும்). எல்லாமே சொந்த வண்டி, தமிழ்நாட்டுப் பதிவு. எட்டு பேருல மூணு பேருக்கு 3,000 மீட்டருக்கு மேல இதுதான் முதல் தடவை.

இப்போதைக்கு திட்டம் இப்படி: முதல் நாள் மணாலி – அடல் சுரங்கம் – தார்ச்சா – ஷின்கு லா (லான்னா மலைக்கணவாய்), இறங்கி கோன்போ ரங்ஜோன் பாறைக்குக் கீழ கூடாரம். ரெண்டாம் நாள் பதும். மூணாம் நாள் பென்சி லா தாண்டி ரங்தும்ல கூடாரம். நாலாம் நாள் கார்கில். அப்புறம் லே, தங்லங் லா, சர்ச்சு, பாரலாச்சா லா வழியா திரும்பவும் மணாலி. மொத்தம் 9 நாள்.

கேள்விகள்:
1. நாள் கணக்கு சரியா வருமா?
2. ஓடையில வண்டி இறக்குறதுக்கும் டயர் காத்துக்கும் என்ன கணக்கு?
3. எரிபொருள் எவ்வளவு கையில இருக்கணும்?
4. சமையல் நாங்களே. சோறு வேகாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

---

மலைச்சரிவு:

முதல் நாள்லயே திட்டம் தப்பு. மணாலி சுமார் 2,050 மீட்டர். கோன்போ ரங்ஜோன் அடிவாரம் 4,200க்குக் கிட்ட. நடுவுல ஷின்கு லா 5,050 மீட்டர் வாக்கில். ஒரே பகலில் 3,000 மீட்டர் ஏறி, 4,200ல் தூங்கப் போறீங்க. எட்டு பேரில் நாலு பேராவது அந்த ராத்திரி தலைவலியும் வாந்தியுமா உட்கார்ந்திருப்பாங்க.

பொதுவான விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டின பிறகு, *தூங்குற* உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அவ்வளவு பாதிப்பில்லை, ராத்திரி எங்க படுக்குறீங்கங்கறதுதான் கணக்கு. மூணு நாலு நாளைக்கு ஒருமுறை ஏறாம ஒரு ராத்திரி அதே இடத்துல இருக்கணும்.

இந்த வழியில இன்னொரு சிக்கல் இருக்கு. ஷின்கு லாவுக்கும் பென்சி லாவுக்கும் நடுவுல இருக்கிற ஜன்ஸ்கார் பள்ளத்தாக்கு ஒரு கிண்ணம் மாதிரி. ஷின்கு லா தாண்டி உள்ள விழுந்துட்டா, தார்ச்சா பக்கம் திரும்ப 5,050 ஏறணும், கார்கில் பக்கம் போக பென்சி லா 4,400 ஏறணும். உள்ள இருக்கிற தாழ்வான பெரிய ஊர் பதும், அதுவே 3,600 மீட்டர் சொச்சம். "யாருக்காவது முடியலன்னா கீழ இறங்கிடலாம்"ங்கற வசதி அங்க லேசில் கிடைக்காது. அதனால உடம்பைப் பழக்குற வேலையை லாவைத் தாண்டுறதுக்கு *முன்னாடி* முடிக்கணும்.

என் கணக்கில் இப்படி மாத்துங்க:

மணாலியில் ஒரு ராத்திரி. அடுத்த ரெண்டு ராத்திரி ஜிஸ்பா (தார்ச்சாவுக்கு முன்னாடி, சுமார் 3,200). நடுவுல கிடைக்கிற பகலில் பாரலாச்சா லா பக்கம் சூரஜ் தால் ஏரி வரைக்கும் ஒரு வண்டியில போய்ட்டு இறங்கி வந்துடுங்க, ஏறி இறங்குறது பழக்கத்துக்கு நல்லது. நாலாம் நாள் விடிகாலை 5 மணிக்கு ஜிஸ்பாவை விட்டுக் கிளம்பி, லாவில் பத்து நிமிஷம் நின்னு போட்டோ எடுத்துட்டு, கோன்போ ரங்ஜோனில் மதியச் சாப்பாடு மட்டும் போட்டு, பூர்னே கிராமம் வரைக்கும் இறங்கிடுங்க. அந்தப் பாறைக்கடியில கூடாரம் அடிக்கற படம் எல்லாருக்கும் ஆசைதான். ஆனா முதல் ராத்திரிக்கு அது இடமில்லை. பூர்னே – பதும் ஒரு நாள், அதுல காலையில ஃபுக்தால் மடாலயத்துக்கு நடந்து போய்ட்டு வரலாம். பதும் – ரங்தும் ஒரு நாள். ரங்தும் 4,000 வாக்கில் இருந்தாலும் அதுக்குள்ள உடம்பு தயாராகியிருக்கும். அடுத்த நாள் கார்கில் (2,676), அங்க தலைவலி இருந்தவங்களுக்கும் போயிடும்.

கார்கிலில் இருந்து லே போகாதீங்க. 9 நாளில் லேயையும் சேர்த்தா, தங்லங் லா (5,328), லாச்சுலுங் லா, நக்கீ லா, பாரலாச்சா லா நாலையும் ரெண்டு நாளில் களைச்சுப்போன ஓட்டுநர்களோட தாண்டணும். கார்கில் – ஜோஜி லா (3,528) – ஸ்ரீநகர் வழியா இறங்கிடுங்க. ஜோஜி லாவில் போக்குவரத்தை நேரம் பிரிச்சு ஒருவழியா விடுவாங்க. முந்தின நாள் கார்கிலிலேயே நேரம் கேட்டுக்கோங்க.

மாத்திரை: அசிட்டாசோலமைடு 125 மி.கி., ஏறுறதுக்கு முந்தின நாளிலிருந்து காலை மாலை. சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறவங்க, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்துடுங்க. விரல் நுனி மரத்துப்போறதும் அடிக்கடி சிறுநீர் வர்றதும் இயல்பு. இது உடம்பு பழகுறதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். அதாவது நாள் கணக்கைச் சுருக்க இது அனுமதிச் சீட்டில்லை.

கடையில விக்கிற குட்டி ஆக்சிஜன் ஸ்ப்ரே வாங்காதீங்க. 10 லிட்டர் டப்பா, நிமிஷத்துக்கு 2 லிட்டர்னு விட்டா அஞ்சு நிமிஷம் வரும். அவ்வளவுதான்.

சோதனை: நேர்கோட்டில் குதிகாலை முன்விரலோட ஒட்டி வெச்சு பத்தடி நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா மூளை வீக்கம்னு எடுத்துக்கணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, இருமல் நுரையா வந்தா நுரையீரலில் நீர். ரெண்டுக்கும் மருந்து இறங்குறதுதான், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும். கேலாங்கிலும் பதும்மிலும் கார்கிலிலும் ஆஸ்பத்திரி இருக்கு.

---

லோரேஞ்ச்:

உடம்பு பத்தி மேல சொல்லியாச்சு. நான் வண்டி, தண்ணி ரெண்டு மட்டும்.

தண்ணி. அங்க ஓடையை நாலான்னு சொல்லுவாங்க. எல்லாம் பனிப்பாறை உருகி வர்ற தண்ணி. வெயில் ஏற ஏற உருகும், மதியம் ரெண்டு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் உச்சம், விடியற்காலையில மிகக் குறைவு. காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு இருக்கிற அதே நாலா நாலு மணிக்கு பம்பரைத் தொடும். அதனால நாலா இருக்கிற பகுதியை காலை 10 மணிக்குள்ள முடிக்கணும். கிலோமீட்டரை வெச்சுத் திட்டம் போடுறவங்க இங்கதான் மாட்டுறாங்க. செப்டம்பர் கடைசியில போறதா இருந்தா எதிர்ப்பக்கம் ஒரு ஆபத்து: விடிகாலையில ரோட்டுல வழியுற தண்ணி கண்ணாடி மாதிரி உறைஞ்சிருக்கும். வெயில் படுற வரைக்கும் நில்லுங்க.

இறங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் ஷூ போட்டுக்கிட்டே (வெறுங்காலில் இல்ல, உருட்டுக்கல் காலை உடைச்சிடும்) கம்பு வெச்சுத் தடவிப் பார்த்து நடக்கணும். நடக்கிறவரை இழுப்பு தடுமாற வெச்சா வண்டியையும் தள்ளும். தண்ணி சக்கரத்தோட நடு மையத்துக்கு மேல இருந்தா பொலேரோ இறங்கவே கூடாது, மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்கணும். தாருக்கு 650 மி.மீ. வரைக்கும் கம்பெனி சொல்லுது, ஆனா அது நின்ன தண்ணிக்கு. ஓடுற தண்ணிக்குப் பாதிதான் நம்பணும்.

இறங்கும்போது லோ ரேஞ்ச் (4×4 வண்டியில வேகத்தைக் குறைச்சு இழுப்பைக் கூட்டுற கியர் அமைப்பு), ரெண்டாவது கியர் (பொலேரோவுக்கு முதல் கியர்). ஆக்சிலரேட்டர் ஒரே சீர். நடுவுல கிளட்ச் மிதிக்காதீங்க, கியர் மாத்தாதீங்க. முன்னாடி ஒரு அலை எழும்பும், அதுக்குப் பின்னாலயே அதே வேகத்தில் போகணும். கொஞ்சம் சாய்வா, ஓட்டத்தோட திசையில போங்க, எதிர்த்து ஏறாதீங்க. ஒரு நேரத்தில் ஒரு வண்டி. முதலில் தார் போய் அக்கரையில் திரும்பி நிக்கட்டும். பொலேரோவோட முன் கொக்கியில் கயிறு *முன்னாடியே* மாட்டி பானெட் மேல சுத்தி வெச்சிருங்க. தண்ணிக்குள்ள நின்னபிறகு குனிஞ்சு கொக்கி தேடுறது நரகம்.

தண்ணிக்குள்ள இன்ஜின் நின்னுட்டா சாவியைத் திரும்பத் திருப்பவே கூடாது. காத்தை அழுத்த முடியும், தண்ணியை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா ஸ்டார்ட்டர் ஒரு சுத்து சுத்தினாலே கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். வெளியே இழுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க.

அக்கரை ஏறின உடனே இடது காலால பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டே அம்பது மீட்டர் ஓட்டினா பிரேக் காயும்.

டயர் காத்து. மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையுது. 5,000 மீட்டரில் கடல்மட்டத்தில் இருக்கிறதில் ஏறக்குறைய 54 சதவீதம்தான். கேஜ் காட்டுறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம். மணாலியில் 32 பிஎஸ்ஐ வெச்சா, ஷின்கு லா உச்சியில் அதே வெப்பநிலையில் 35–36 காட்டும். ஆனா வெப்பநிலை 20 டிகிரி இறங்கினா 3 பிஎஸ்ஐ போயிடும். ரெண்டும் சேர்ந்து காலையில சரியாயிடும், மதிய வெயிலில் டயர் கல்லா இறுகும். அதனால லா ஏறுறதுக்கு முன்னாடி தார்ச்சாவிலேயே கேஜ் 26 காட்டுற வரைக்கும் இறக்குங்க. மேல போய் இறக்காதீங்க: உச்சியில் 24 வெச்சா பதும் வரும்போது அது தானா ஒண்ணரை பிஎஸ்ஐ குறைஞ்சிருக்கும். 26க்குக் கீழ இருக்கும்போது 40 கி.மீ. வேகத்துக்கு மேல வேண்டாம், பக்கச்சுவர் சூடாகும்.

அங்க பஞ்சர் ஆணியால வர்றது குறைவு. உடைச்ச பாறையோட விளிம்பு பக்கச்சுவரைக் கிழிக்கும். அதுக்கு பஞ்சர் கயிறு எதுவும் நிக்காது, ஸ்டெப்னிதான். மூணு வண்டிக்கும் டயர் அளவு வேற வேற, அதனால ஒவ்வொருத்தருக்கும் முழு அளவு ஸ்டெப்னி, நல்ல காத்தோட. கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டாதீங்க, அதோட ஃபியூஸ் பெரும்பாலும் 15 ஆம்பியர். பேட்டரியில் நேரா கிளிப் மாட்டுற வகை வாங்குங்க.

இன்ஜின். ஜிம்னியோட பெட்ரோல் இன்ஜினுக்கு டர்போ இல்லை, அதனால 5,000 மீட்டரில் சக்தி கிட்டத்தட்ட பாதி ஆயிடும். பயப்பட வேண்டாம், அதுக்குத்தான் லோ ரேஞ்ச். ரோடு நல்லா இருந்தாலும் கொண்டை ஊசியில் லோ போடுங்க. பொலேரோவுக்குச் சிக்கல் வேற: டர்போ இருக்கு, ஆனா 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழ அது வேலை செய்யாது, வளைவில் நின்னுட்டா ஏறாது. ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் அங்க கிளட்ச் போறதுக்கு முதல் காரணம். எதிர்வண்டி தெரிஞ்சா வளைவுக்கு முன்னாடியே நின்னு, அது போன பிறகு முதல் கியரில் ஒரே மூச்சா ஏறுங்க. கருகின வாசனை வந்தா அரை மணி நேரம் நிறுத்தி ஆற விடணும்.

நம்ம ஊர் வண்டிகளில் ரேடியேட்டரில் வெறும் தண்ணி ஊத்தியே ஓட்டுறது சகஜம். ஜிஸ்பா ராத்திரிக்கு முன்னாடி அதை மொத்தமா வடிச்சுட்டு, கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதின்னு மாத்துங்க. வெறும் தண்ணி உறைஞ்சா விரியும், ரேடியேட்டர் மட்டுமில்ல, பிளாக்கே விரிசல் விடும். கண்ணாடி கழுவுற தண்ணிக்கும் அதே கதிதான்.

தார் பிஎஸ்6ன்னா டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி) இருக்கும். நாலு நாள் தொடர்ந்து ஊர்ந்துகிட்டே போனா புகைக்கரி எரிய வாய்ப்பே கிடைக்காது, விளக்கு எரியும். கார்கிலுக்கு முன்னாடி சங்கூ ஊரைத் தாண்டி நல்ல ரோடு வந்ததும் ஒரு கியர் குறைச்சு, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல, இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்க.

---

அடுப்படி:

சோறு வேகாதுங்கறது நிஜம்தான், ஆனா திறந்த பாத்திரத்தில். ரங்தும் உயரத்தில் தண்ணி 87 டிகிரிக்குக் கிட்டவே கொதிச்சிடும். அதுக்கு மேல சூடு ஏறாது, எவ்வளவு கேஸ் எரிச்சாலும். அரிசி வெளியே குழைஞ்சு உள்ளே முள்ளா நிக்கும், பருப்பு சுத்தமா வேகாது.

குக்கர் கட்டாயம். குக்கர் கூட கீழ தர்ற 120 டிகிரியைத் தராது, 112–113 தான் வரும், ஏன்னா வெயிட் போடுற அழுத்தம் வெளிக்காத்தோட *கூட* சேர்றதுதான். வீட்டில் மூணு விசில் வைக்கிற அரிசிக்கு அஞ்சு விசில், அப்புறம் சிம்மில் அஞ்சு நிமிஷம். அரிசியை அரை மணி ஊற வைங்க. துவரம்பருப்பைக் காலையிலேயே ஒரு டப்பாவில் தண்ணி ஊத்தி மூடி வண்டியில போட்டுருங்க, கூடாரம் அடிக்கும்போது ஊறி ரெடியா இருக்கும். கேஸ்கெட் ஒண்ணு, சேஃப்டி வால்வு ஒண்ணு மாற்றுக்கு. எட்டு பேருக்கு 5 லிட்டர் குக்கர் ரெண்டு. ஒரே பெரிய குக்கர் சின்ன அடுப்பில் விசில் வரவே வராது.

நேர்மையா சொன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு சோறே வேண்டாம். ரவை உப்புமா, சேமியா, அவல் எல்லாம் 87 டிகிரியிலேயே ஆயிடும். வீட்டிலேயே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வத்தக்குழம்பு விழுது எல்லாம் எண்ணெய் மிதக்க செஞ்சு எடுத்துக்கிட்டா ஒரு குக்கர் சோறில் வேலை முடிஞ்சது. பாக்கெட் சிப்ஸ், பொடி டப்பா எல்லாம் மேல போகும்போது பலூன் மாதிரி உப்பும். பாட்டில் மூடியை மெதுவா திறங்க, இல்லன்னா எண்ணெய் முகத்தில் அடிக்கும்.

கேஸ்: கேனிஸ்டரை விமானத்திலும் ரயிலிலும் எடுத்துட்டுப் போக முடியாது, மணாலியில் வாங்குங்க. வெறும் பியூட்டேன் போட்ட நீளக் கேனிஸ்டர் குளிரில் சாகும். ஐசோபியூட்டேன்–புரொப்பேன் கலந்த திருகு வகை கேளுங்க. காலையில காபிக்கு வேணும்னா ராத்திரி கேனிஸ்டரைத் துணியில சுத்திப் படுக்கைப் பையோட அடியில வைங்க. அதைவிட நல்லது 5 கிலோ சிலிண்டர் ஒண்ணு. அந்த எட்டு பேருக்கு அஞ்சாறு வேளைக்கு அதுவே தாராளம். கூடாரத்துக்குள்ள அடுப்பு மட்டும் எந்தக் குளிரிலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. அதனால வர்ற தலைவலியும் உயரத்தால வர்ற தலைவலியும் ஒண்ணு போலவே இருக்கும், வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆள் மயங்கிடுவான்.

கூடாரம் பத்தி ரெண்டு வரி. ரங்தும் சமவெளியில் மதியத்துக்கு மேல காத்து பலமா அடிக்கும். முளை சரளைக்குள்ள இறங்காது. கயிறை ஒரு கல்லில் சுத்தி, அது மேல பெரிய கல்லை ஏத்துங்க. ஆத்துப்படுகை மணல் மெத்தையா இருக்கேன்னு அங்க அடிக்காதீங்க, சாயங்காலம் தண்ணி ஏறும் (லோரேஞ்ச் சொன்ன அதே காரணம்தான்). சரிவுக்கு அடியிலயும் வேண்டாம், கல் உருளும். படுக்கைப் பை "கம்ஃபர்ட்" அளவு மைனஸ் 5 இருக்கணும்; பையில பெருசா எழுதியிருக்கிற மைனஸ் 15 பெரும்பாலும் உயிர் போகாத அளவு, தூக்கம் வர்ற அளவில்லை. கூடாரத்தோட காத்துவழியை மூடாதீங்க, மூடினா மூச்சே உள்கூரையில உறைஞ்சு காலையில மழையா கொட்டும். கழிப்பிடம் தண்ணியில இருந்து 60 மீட்டர் தள்ளி, 15 செ.மீ. குழி. பேப்பர் பையில திரும்பி வரணும்.

---

சக்கரக்காரன்:

மலைச்சரிவு அண்ணா, நாள் கணக்கை அப்படியே மாத்திட்டேன். லே கட். ரெண்டு சந்தேகம் பாக்கி: பொலேரோவை விட்டுட்டு ரெண்டு வண்டியில எட்டு பேரும் நெருக்கி உட்காரலாமா? எரிபொருளுக்கு யாரும் பதில் சொல்லலையே?

---

தாம்புக்கயிறு:

பொலேரோவைக் கூட்டிட்டுப் போங்க. ஜிம்னியில நாலு பேர் உட்கார்ந்தா சாமானுக்கு இடமே இல்லை, எல்லாம் கூரைக்குப் போகும். கூரை கனமானா குறுகலான அந்த வண்டி சாய்சரிவில் ஆடும். கூரையில் கூடாரம், படுக்கை மாதிரி இலேசான சாமான் மட்டும். கேன், சிலிண்டர், தண்ணி எல்லாம் பொலேரோவோட பின் தரையில, பின் ஆக்சிலுக்கு மேல. பின்சக்கர இழுவை வண்டிக்கு அந்தக் கனமே பிடிமானம். வரிசையில் தார் முதலில், பொலேரோ நடுவில், ஜிம்னி கடைசியில். ஒவ்வொருத்தரும் தனக்குப் *பின்னாடி* வர்ற வண்டிக்குப் பொறுப்பு: கண்ணாடியில் தெரியலன்னா நின்னுடணும்.

எரிபொருள்: கேலாங்குக்கு முன்னாடி 'தாண்டி'ங்கற ஊர்ல இருக்கிற பங்க்கில் வாய் வரைக்கும் நிரப்புங்க. அங்கிருந்து பதும் சுமார் 185 கி.மீ., பதும் – கார்கில் சுமார் 235. மொத்தம் 420. பதும்மில் பங்க் இருக்கு, ஆனா லாரி வரலன்னா காலியா நிக்கும், அதனால கணக்கில் அதைச் சேர்க்காதீங்க. லோ கியரில் ஜிம்னிக்கு லிட்டருக்கு 9 கி.மீ.ன்னு வெச்சா 47 லிட்டர் வேணும். டேங்க் 40 தான். 20 லிட்டர் பெட்ரோல் கேன் ஒண்ணு கட்டாயம். தாரோட டேங்க் 57, பொலேரோ 60. ரெண்டுக்கும் பொதுவா 20 லிட்டர் டீசல் போதும். இரும்பு ஜெர்ரி கேன்தான், பிளாஸ்டிக்கில் பங்க்கிலேயே ஊத்த மாட்டாங்க. ஒரு லிட்டர் அளவுக்கு இடம் விட்டு நிரப்புங்க. பெட்ரோல் கேனை சிலிண்டரோட ஒட்டி வைக்காதீங்க.

இழுக்கிற சாமான்: 8 டன் தாங்குற 9 மீட்டர் பட்டைக் கயிறு ஒண்ணு, இழுத்தா நீண்டு சுருங்கற கைனெட்டிக் கயிறு ஒண்ணு, 4.75 டன் வில் ஷாக்கிள் (கயிறு மாட்டுற வில் வடிவ இரும்பு வளையம்) நாலு, மடக்கு மண்வெட்டி. பம்பரில் திருகி மாட்டுற வளையத்தில் கைனெட்டிக் கயிறைப் போட்டு வெடுக்குன்னு இழுக்காதீங்க. அது சமதளத்தில் மெதுவா இழுத்துட்டுப் போறதுக்கு மட்டும். பிய்ஞ்சா குண்டு மாதிரி பறக்கும். டிரெய்லர் உருண்டையில மாட்டவே கூடாது. கயிறு நடுவில் ஈரச் சாக்கு போட்டு, கயிறு நீளத்தைப் போல ஒண்ணரை மடங்கு தூரத்துக்கு எல்லாரும் விலகி நிக்கணும்.

மேல யாரும் சொல்லாத ரெண்டு விஷயம். லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, ஆளுக்கு ஒரு போஸ்ட்பெய்டு இல்லன்னாலும் வண்டிக்கு ஒண்ணு வேணும். சிக்னல் இல்லைன்னு சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் மெசேஜ் கருவியோ வெளிநாட்டு நண்பர்கிட்ட வாங்கிட்டு வராதீங்க. அனுமதியில்லாம வெச்சிருந்தாலே குற்றம், கருவியோட ஆளும் போலீஸ் ஸ்டேஷனில்தான். வண்டிக்கு வண்டி பேச லைசென்ஸ் தேவைப்படாத வகை வாக்கி டாக்கி போதும்.

அப்புறம், சொந்த வண்டின்னு சொன்னீங்க, நல்லது. வெளியூர் வாடகை செல்ஃப் டிரைவ் வண்டிகளை அங்க டாக்ஸி சங்கத்துக்காரங்க மறிச்சுடுவாங்க. ஆர்.சி. யார் பேரில் இருக்கோ அவர் கூட வரலன்னா, கையெழுத்துப் போட்ட கடிதமும் அவரோட அடையாள அட்டை நகலும் டேஷ்போர்டிலேயே வெச்சிருங்க.